சிவப்புப் பேனையும் ஒரு போர்வையும்

வணக்கம் மேடம்,

மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் தமிழ் படிப்பிக்கிறேன். தரம் 10 மாணவன் ஒருவன் இடைவேளையில் ஒரு கொப்பியை நீட்டி, "டீச்சர், கவிதை எழுதியிருக்கேன், பாருங்க" என்றான். மூன்று பக்கம். 'தேயிலைத் தாயே', 'இருநூறு ஆண்டு இருளே' என்று மேடைகளில் கேட்டுப் புளித்த வரிகள்தான் பெரும்பாலும். சந்திப் பிழைகள் வேறு. ஆசையாக எழுதுகிற பிள்ளை, சரியாக எழுதட்டுமே என்று ஒன்று விடாமல் சிவப்புப் பேனையால் திருத்தினேன். அடியில் 'இன்னும் முயற்சி தேவை' என்றும் எழுதிக் கொடுத்தேன்.

"தேங்க்ஸ் டீச்சர்" என்று வாங்கிப் போனவன்தான். ஒரு மாதமாகக் கொப்பி கண்ணில் படவில்லை. வகுப்பிலும் பின் வாங்குக்குப் போய்விட்டான். 'அம்மா பெரட்டுக்குப் போன பிறகும் போர்வைக்குள்ள சூடு இருந்துச்சு' என்று ஒரு வரி எழுதியிருந்தான். பெரட்டு என்றால் காலையில் தோட்டத்தில் ஆட்களைக் கூட்டி வேலை பிரித்துக் கொடுப்பது. அது மட்டும் எனக்கு மறக்கவே மாட்டேன் என்கிறது. அதிலும் 'இருந்தது' என்று திருத்தியிருக்கிறேன்! பொய்யாகப் புகழ எனக்கு வராது. பிழையைச் சொல்லாமல் விட்டால் நான் என்ன டீச்சர்?

*

அன்புள்ள டீச்சர்,

பொய்யாகப் புகழவே வேண்டாம். அந்த வயதுப் பிள்ளைகள் அதை உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். ஆனால் உங்கள் கடிதத்திலேயே ஒரு நிஜமான பாராட்டு இருக்கிறது. அதை எனக்கு எழுதிவிட்டீர்கள், அவனிடம் சொல்லவில்லை.

கட்டுரைக் கொப்பி நீங்கள் கேட்டு அவன் தருவது. இது அவனாகக் கொண்டுவந்து நீட்டியது. அதில் கோடு விழுந்தால் தன்மேலேயே விழுந்தது போலத்தான் இருக்கும். இங்கே அம்மாவும் உள்ளே இருக்கிறார். 'இருந்துச்சு' அவர்கள் வீட்டுப் பேச்சு. லயத்துப் பேச்சுக்கு, தோட்டத்து வரிசை வீடுகளில் பேசுகிற பேச்சுக்கு, எழுத்தில் இடமில்லை போல என்று அவன் நினைத்திருக்கலாம். மலையகக் கவிஞர் சி.வி. வேலுப்பிள்ளை தொகுத்த மலைநாட்டு மக்கள் பாடல்களை யாராவது இலக்கணம் பார்த்துத் திருத்தியிருந்தால் நமக்கு என்ன மிஞ்சியிருக்கும், சொல்லுங்கள்?

தனியாகக் கூப்பிட்டு, "அன்றைக்கு அவசரப்பட்டுத் திருத்திட்டேன்" என்று முதலில் சொல்லிவிடுங்கள். உங்கள் மரியாதை ஒன்றும் குறையாது. பிறகு அந்தப் போர்வை வரியைச் சொல்லி, ஒரு மாதமாக மனதிலேயே நிற்கிறது என்று சொல்லுங்கள். கேள்வியும் கேளுங்கள்: "அம்மா எத்தனை மணிக்கு எழும்புவாங்க? நீ முழிச்சுத்தான் இருப்பியா?" அவன் வாயிலிருந்து வருகிற பதிலிலேயே அடுத்த கவிதை இருக்கக்கூடும்.

குறையும் சொல்லுங்கள். ஒன்றே ஒன்று போதும். "இந்த வரியில உங்க அம்மாவைப் பார்த்தேன். 'தேயிலைத் தாயே'ன்னு வர்ற இடத்துல யாரையும் காணல." இது உண்மை. எங்கே போக வேண்டும் என்ற வழியும் அதிலேயே தெரிகிறது. 'இன்னும் முயற்சி தேவை'யில் அது இல்லை. அது ரிப்போர்ட்டில் எழுதுகிற வாசகம். சந்திப் பிழையை ஓ.எல். பரீட்சைக் கட்டுரையில் வைத்துக்கொள்ளலாம், அங்கே தாராளமாகச் சிவப்பு அடியுங்கள்.

கொப்பியைக் கொண்டு வா என்று மட்டும் கேட்காதீர்கள். அவனாகக் கொண்டுவந்தால், பென்சில் போதும். அதுவும் அவன் கேட்ட பிறகு.