தாழ்வான பகுதி என்றால் யார் வீடு?

கேள்வி: 2024 டிசம்பரில் சாத்தனூர் அணையை நடுராத்திரியில் திறந்து எங்கள் ஊரை மூழ்கடித்தார்கள். 2015ல் செம்பரம்பாக்கத்திலும் இதே கதைதான். புயல் வருவது நாலு நாள் முன்பே தெரிகிறதே, அணையை முன்கூட்டியே காலி செய்து வைத்தால் என்ன? – ஒரு வாசகர், கடலூர் மாவட்டம்

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் அது போய்ச் சேரவேண்டிய இடம் வேறு என்று நினைக்கிறேன்.

நமக்கு மழை என்பதே ஐப்பசியும் கார்த்திகையும்தான். சென்னைக்கு ஒரு வருடத்தில் கிடைக்கும் மழையில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டிவிடும், அதைப் பிடித்து வைத்தால்தான் அடுத்த ஆவணி வரைக்கும் குடிக்கத் தண்ணீர். புயலை நம்பி ஏரியைக் காலி செய்கிறீர்கள், புயல் திசை மாறிப் போய்விடுகிறது, அப்புறம்? வெள்ளம் வந்த மறு வருடமே, 2016ல், பருவமழை பொய்த்தது. 2019 கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் செம்பரம்பாக்கம், பூண்டி, புழல், சோழவரம் ஏரிகள் நான்கும் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தோம். நாலே வருடத்துக்குள் மூழ்கிய ஊரும் தாகத்தில் தவித்த ஊரும் ஒன்றேதான். மதகைத் திறக்கும் பொறியாளர் இரண்டையும் பார்த்தவர்.

அதற்காகத் தப்பே நடக்கவில்லை என்று சொல்லமாட்டேன். 2015 டிசம்பர் 1ல் செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்ட விதத்தைத் தணிக்கைத் துறையே குறை சொல்லி, அது மனிதரால் வந்த பேரிடர் என்று 2018ல் சட்டமன்றத்தில் வைத்த அறிக்கையில் எழுதியது. அதே சமயம் தாம்பரம் பக்கத்து முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதற்குச் செம்பரம்பாக்கம் காரணமே இல்லை. அந்தத் தண்ணீர் அடையாற்றில் கலப்பதே அந்த ஊர்களுக்குக் கீழேதான். அங்கே புகுந்தது ஆதனூர்ப் பக்கத்து ஏரிகள் நிரம்பி வழிந்த தண்ணீர்.

சாத்தனூருக்கு வருகிறேன். அணையின் உயரம் 119 அடி. ஃபெஞ்சல் புயல் கரை கடந்த பிறகு, மேலே ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை. அவ்வளவும் தென்பெண்ணையில் இறங்கி அணைக்கு வரும்போது திறக்காமல் வைத்திருந்தால் அணைக்கே ஆபத்து. டிசம்பர் 2 அதிகாலை 2.45க்கு விநாடிக்கு 1,68,000 கன அடி திறந்தார்கள். ஐந்து முறை எச்சரிக்கை கொடுத்தோம் என்று அரசு சொன்னது. கொடுத்திருப்பார்கள், நம்புகிறேன். என் கேள்வி அங்கேதான் ஆரம்பிக்கிறது.

எச்சரிக்கையில் என்ன சொன்னார்கள்? இத்தனை ஆயிரம் கன அடி, தாழ்வான பகுதி மக்கள் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லவும். எல்லா வருடமும் இதே வாசகம்தான். ஒரு கன அடி என்பது சுமார் 28 லிட்டர். அப்படியானால் 1,68,000 கன அடி என்பது, தெருவுக்கு வரும் 12,000 லிட்டர் தண்ணீர் லாரி ஒவ்வொரு விநாடிக்கும் கிட்டத்தட்ட 400 கவிழ்வது மாதிரி. இப்படிச் சொன்னால்கூட என் வாசலுக்கு எவ்வளவு வரும் என்பது தெரியாது. முழங்காலா, இடுப்பா, தலைக்கு மேலா? ஜனங்களுக்கு வேண்டியது அந்த ஒரு தகவல்தான்.

அந்த டிசம்பரில் தென்பெண்ணைக் கரையில் ஒரு கிராமத்துக்குப் போயிருந்தேன். ஒரு வீட்டுக்குள் சேறு காய்ந்த கோடு சுவரைச் சுற்றி ஓடியது, ஸ்விட்ச் பெட்டிக்கு ஒரு சாண் மேலே. அதே சுவரில் மாட்டியிருந்த நாள்காட்டித் தாள்கள் ஊறி ஒரே கட்டியாக ஒட்டிக்கிடந்தன. விதை நெல் மூட்டை நனைந்து, சாக்கைக் குத்திக்கொண்டு முளை வெளியே வந்திருந்தது. அந்த வீட்டுப் பாட்டி சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "மைக்கு கட்டிக்கிட்டு வண்டியில வந்தாங்க தம்பி. தாழ்வான பகுதின்னாங்க. எங்க ஊடு ரோட்டவிட மூணு படி ஒசரம். நம்மளச் சொல்லலன்னு படுத்துட்டோம்."

அவர் காதில் எச்சரிக்கை விழாமல் இல்லை. அது தன்னைப் பற்றியது என்று அவருக்குத் தெரியவில்லை, தெரிகிற மாதிரி யாரும் சொல்லவும் இல்லை. சாத்தனூரிலிருந்து கடலூர் நூறு கிலோமீட்டருக்கு மேல். தண்ணீர் வந்துசேர மணிக்கணக்கில் ஆகும். அந்த நேரத்தை ஆறு நமக்குக் கொடுத்தது, நாம்தான் வீணாக்கினோம். விதை நெல்லைப் பரணில் ஏற்ற, மாட்டை அவிழ்த்துவிட, ரேஷன் அட்டையையும் பட்டாவையும் எடுத்து மடியில் கட்டிக்கொள்ள அது போதும். அதனால்தான் நடுராத்திரி திறந்ததைவிட இதைப் பெரிய தப்பாக நான் நினைக்கிறேன். முன்பெல்லாம் ஏரி நிரம்பிக் கலங்கல் வழியாக வழிந்தால், ஏரித் தண்ணீரைப் பார்த்துக்கொள்ளும் ஊர் ஆளான நீர்க்கட்டி வந்து தண்டோரா போடுவார். அவருக்கு எந்தத் தெரு, எந்தக் களம், யார் வீட்டுக் கொல்லை முதலில் மூழ்கும் என்பது அத்துப்படி. அந்த அறிவை அலுவலகக் கணக்கில் நாம் ஏற்றிக்கொள்ளவே இல்லை.

முடியாத காரியமும் இல்லை. ஒவ்வொரு வெள்ளத்திலும் எந்தத் தெருவில் எவ்வளவு நின்றது என்பதை மின்கம்பத்தில் வருடம் போட்டுக் கோடாக வரைந்துவிடலாம். அடுத்த முறை மைக்கில், "ஆற்றங்கரைத் தெரு, பள்ளிக்கூடத் தெரு, இன்று ராத்திரி 2024 கோடு வரைக்கும் வரும்" என்று சொன்னால் போதும், சின்னப் பிள்ளைக்கும் புரியும். அணையில் எவ்வளவு திறந்தால் எந்த ஊரில் எவ்வளவு ஏறும் என்ற கணக்கைத் துறைகள் மழைக்கு முன்னாலேயே ஊராட்சி வாரியாகப் போட்டு, கிராம சபையில் படித்துக் காட்டவேண்டும். வெள்ள நிவாரணத்துக்காக வரிசையில் நிற்கும் நாம் இதைக் கேட்டு ஒரு மனுகூடக் கொடுத்ததில்லை என்பதும் எனக்கு வருத்தம்தான்.

உங்கள் வீட்டிலும் அந்தச் சேற்றுக் கோடு இருந்திருக்கும். அழிந்திருந்தால் எது வரை நின்றது என்று வீட்டில் விசாரித்து வாசல் சுவரில் வரைந்து வையுங்கள், இருந்தால் இந்தப் பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது அதன் மேல் அடிக்காதீர்கள்.