கோயாசான் கோயிலில் ஓரிரவு: முழங்கால் வலி உள்ள அம்மாவோடு

முழங்கால் வலியுள்ள, சுத்த சைவமான அம்மாவோடு, ஜப்பானில் மலைமேல் இருக்கும் பௌத்தக் கோயில் ஊரான கோயாசானில் ஒரு கோயிலில் தங்கலாமா, கியோத்தோவிலிருந்து இரவு 7 மணிக்குப் போய்ச் சேர்ந்தால் போதுமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகத் தங்கலாம், ஆனால் 7 மணி வேண்டாம். இது ஓட்டல் இல்லை, கோயில். இரவு உணவு பெரும்பாலும் ஐந்தரை, ஆறுக்கே வந்துவிடும். தாமதமாகப் போனால் சாப்பாடு கிடைக்காமல் போகலாம். கியோத்தோவிலிருந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். முதலில் ஒசாக்கா போய், அங்கே நம்பா நிலையத்தில் நன்காய் நிறுவன ரயில் ஏறி, கோக்குராகுபாஷியில் கேபிள் காருக்கு மாறி, மேலே பேருந்து. காலையிலேயே கிளம்பிவிடுங்கள்.

சாப்பாட்டைப் பற்றிக் கவலையே வேண்டாம். ஜப்பானில் சைவர்களுக்குப் பெரிய தொல்லை மீன் சாறுதான், சோயா விழுதில் செய்யும் மிசோ சூப்பில்கூட இருக்கும். கோயில் சமையலான ஷோஜின் ரியோரியில் கடற்பாசியும் ஷீத்தாக்கே காளானும்தான் சாறுக்கு. வெங்காயம், பூண்டும் வழக்கமாகக் கிடையாது. எள்ளில் செய்யும் கோமா தோஃபுவை அம்மா கட்டாயம் சாப்பிட்டுப் பார்க்கட்டும்.

உண்மையான சிக்கல் தரைதான். பாயில் மெத்தை, தாழ்வான மேசை. நாற்காலி, தரைத்தள அறை, முடிந்தால் கட்டில் வேண்டும் என்று முன்பதிவின்போதே எழுதிக் கேளுங்கள். குளியல் பொதுவானது, ஆண் பெண் தனித்தனி, உடையில்லாமல். அம்மா கூச்சப்பட்டால் குளியலறை உள்ள அறையாகப் பாருங்கள், வாடகை கூடும்.

காலை வழிபாடு ஆறு, ஆறரை வாக்கில். ஊர் சுமார் 800 மீட்டர் உயரம், மண்டபம் நன்றாகக் குளிரும். அம்மாவுக்கு ஸ்வெட்டரும் தடித்த சாக்ஸும் எடுத்து வையுங்கள்.