வாய்க்கால் ஓரப் பொன்னாங்கண்ணி

கேள்வி: கிருதுமால் வாய்க்கால் ஓரத்தில் பொன்னாங்கண்ணி பச்சைப்பசேலென்று மண்டிக் கிடக்கிறது. மண்ணில் நஞ்சு இருந்தால் செடி கருகியிருக்காதா? பறித்துச் சமைக்கலாமா?
– வாசகி, கீரைத்துறை, மதுரை

பதில்: கீரைத்துறையிலிருந்து கீரைக் கேள்வி! ஆனால் அந்தக் கீரை வேண்டாம்.

கழிவுநீர் படிந்த மண்ணில் காட்மியம் என்ற நச்சு உலோகம் இருந்தால், செடிக்குத் தேவையான துத்தநாகம் போகும் வழியிலேயே அதுவும் வேருக்குள் நுழைந்துவிடும். செடி அதை வெளியே தள்ளுவதில்லை. கந்தகம் உள்ள சிறு புரதத் துணுக்குகளால் பிடித்துக் கட்டி, செல்லுக்குள் இருக்கும் நீர்ப்பையில் அடைத்துவிடும். உணவு தயாரிக்கும் பச்சையத்தை நஞ்சு நெருங்காததால் இலை தளதளவென்றே இருக்கும். நியூ கலிடோனியாத் தீவில் ஒரு மரம் உண்டு. பட்டையைக் கீறினால் நீலப்பச்சையாகப் பால் வடியும். அந்தப் பாலை உலர்த்திப் பார்த்தால் எடையில் கால் பங்குவரை நிக்கல் உலோகம்! மரமோ ஜோராக நிற்கிறது.

ஈயம் பெரும்பாலும் வேரோடு நின்றுவிடும். இலையில் ஒட்டியிருப்பது சாலைத் தூசியும் தெறித்த சேறும். நாலு தண்ணீர் மாற்றி அலசினால் குறையும். காட்மியம் இலைக்குள்ளேயே இருப்பதால் அலசினால் போகாது, வேகவைத்தாலும் அழியாது.

ஆசை விடவில்லையென்றால் நுனித் தண்டை ஒரு சாண் நீளம் கிள்ளி, இலைகளை உருவிவிட்டு, நல்ல மண் நிரப்பிய தொட்டியில் நடுங்கள். தண்டில் மிச்சமிருப்பது புதுத் தளிர்களில் பரவி நீர்த்துப்போகும். முதல் அறுப்பைக் கொட்டிவிட்டு அடுத்ததிலிருந்து சமையுங்கள்.

மண் பரிசோதனை அட்டையை நம்பி ஏமாற வேண்டாம். அதில் தழை, மணி, சாம்பல் சத்து, உப்பு, கார அமில நிலை போன்றவைதான் வழக்கமாக இருக்கும். காட்மியம், ஈயம் வேண்டுமென்று தனியே கேட்க வேண்டும். கீரையையே சோதித்தால், காட்மியத்துக்குக் கோடெக்ஸ் என்ற பன்னாட்டு உணவுத் தர அமைப்பின் வரம்பு பச்சை எடையில் கிலோவுக்கு 0.2 மில்லிகிராம். ஆய்வகத் தாளில் உலர் எடைக் கணக்கு என்றிருந்தால், நூற்றுக்குத் தொண்ணூறு நீருள்ள கீரைக்கு அதே வரம்பு 2 மில்லிகிராம். இதைக் கவனிக்காமல் பதறுகிறவர்கள் உண்டு.

கேள்வி: வண்டியூர் கண்மாய் ஆகாயத்தாமரையை மக்கவைத்து மாடித்தோட்டத்துக்குப் போடலாமா?
– வாசகர், அண்ணாநகர், மதுரை

பதில்: மல்லிகைக்குப் போடுங்கள், கீரைத் தொட்டிக்கு வேண்டாம். கண்மாய் நீரில் நச்சு உலோகம் இருந்தால், அது பெரும்பாலும் அந்தத் தொங்கும் கறுப்பு வேரில்தான் சேரும். அந்த வேரை முதலில் வெட்டி நீக்குங்கள். மக்கும்போது தழை வற்றிப் பாதிக்கும் கீழே இறங்கும், உலோகம் இம்மியும் குறையாது. அதனால் பச்சையில் இருந்ததைவிட உரத்தில் செறிவு கூடித்தான் நிற்கும்.