அம்மாவுக்குப் புரியாதாம்!

கேள்வி:

நான் ஊத்தங்கரை வட்டத்தில் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் பகுதிநேர ஓவிய ஆசிரியர். வயது 41. 2012-இல் 5,000 ரூபாய்க்குச் சேர்ந்தேன், பிறகு அது 12,500 வரை வந்தது. என் பீரியடைக் கணக்கு வாத்தியார் எடுத்துக்கொள்கிறார். தலைமை ஆசிரியருக்கு நான் சுவரில் குறள் எழுதவும் ஆண்டு விழா மேடை ஜோடிக்கவும் மட்டும்தான். வெளியே எனக்கு மதிப்பு இருக்கிறது. சென்னையில் இரண்டு குழுக் கண்காட்சிகளில் என் படங்கள் இடம்பெற்றன. ஜனவரியில் பெங்களூருவில் தெருவில் நடக்கும் ஓவியச் சந்தையான சித்ர சந்தையில், அம்மா புளி தட்டுவதை வரைந்த படம் 22,000 ரூபாய்க்குப் போனது. (அம்மாவிடம் காட்டவில்லை. அவருக்கு இதெல்லாம் புரியாது. பார்வையும் இப்போது மங்கல்.) போன வருடம் மொத்தம் 61,000 ரூபாய்க்கு விற்றேன். வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் வரையலாம் என்றிருக்கிறேன். மனைவி தையல் வேலை செய்கிறார். ஒரே மகள், ஒன்பதாம் வகுப்பு. 'மாசச் சம்பளத்தை விட்டுட்டு உட்காரப் போறீங்களா' என்று வீட்டில் தினமும் சண்டை. ஓவியம் என்றால் என்னவென்றே தெரியாத ஊரில் பிறந்துவிட்டேன். கலையா, குடும்பமா?

– பெயர் வேண்டாம், கிருஷ்ணகிரி மாவட்டம்.

பதில்:

தம்பி, 'கலையா, குடும்பமா' என்கிற தராசைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வருகிற எத்தனையாவது ஆள் நீங்கள் என்று எனக்கே கணக்கில்லை. பாடுகிறவர்கள், கூத்துக் கட்டுகிறவர்கள், கவிதை எழுதுகிறவர்கள், எல்லோரும் வந்தாயிற்று. அதை ஓரமாக வையுங்கள். அடைப்புக்குறிக்குள் போகிற போக்கில் எழுதிவிட்டுப் போயிருக்கிறீர்களே, அந்த இடத்தை என்னால் தாண்ட முடியவில்லை.

அம்மாவுக்கு எது புரியாது? புளியா?

மாசி, பங்குனியில் உங்கள் பக்கத்துத் தெருக்களில் வீட்டுக்கு வீடு அந்தச் சத்தம்தான். புளியின் ஓட்டை உடைத்து, நாரை உருவி, கொட்டையைத் தட்டி எடுத்து, கிலோ கணக்கில் கூலி வாங்கி வளர்த்த கை அது. படத்தில் அந்தக் கை சரியாக வந்திருக்கிறதா, கொட்டை எந்தப் பக்கம் குவியும், சாயங்காலம் ஆனால் முதுகு எப்படி வளையும் என்று சொல்லத் தெரிந்தவர் உங்கள் வீட்டிலேயே உட்கார்ந்திருக்கிறார். அவரைக் கேட்காமல் படத்தைக் கட்டித் தூக்கிக்கொண்டு பஸ் ஏறியிருக்கிறீர்கள். அங்கே வாங்கியவர் யார்? சந்தை நடக்கிற குமரகிருபா சாலையில் நடந்துவந்தவர். சித்ர சந்தை என்பதே தெருவில் போகிறவர் நின்று பார்ப்பதற்காகப் போட்ட சந்தைதானே. பாதி ஜனம் கையில் பொரியோ ஐஸ்கிரீமோ வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தபடி போகும். அவர்களுக்கு அரை நிமிடத்தில் புரிந்தது, படத்தில் இருக்கிற பெண்ணுக்கு மட்டும் புரியாதா?

அந்த 22,000 ரூபாய்க்கு எத்தனை கிலோ புளி தட்ட வேண்டும் என்று அம்மாவைக் கேளுங்கள். மனக்கணக்காகவே சொல்லிவிடுவார். ஒருவேளை அந்தக் கணக்குக்குப் பயந்துதான் காட்டவில்லையோ என்றும் எனக்கு ஒரு சந்தேகம். அம்மாவின் முகத்தை விற்ற காசில் அம்மாவுக்கு என்ன வாங்கிக் கொடுத்தீர்கள் என்று கடிதம் முழுக்கத் தேடினேன். ஒரு வரி இல்லை. பெற்றவளின் உருவத்தை விற்கலாம், தப்பே இல்லை. ஆனால் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் விற்பது தப்பு. இதில் நான் பழைய காலத்து ஆள்தான்.

கடிதத்தை மறுபடி படித்துப் பாருங்கள். தலைமை ஆசிரியருக்குத் தெரியாது, மனைவிக்குத் தெரியாது, ஊருக்குத் தெரியாது, அம்மாவுக்குத் தெரியாது. தெரியாதவர்களுக்குப் படம் பார்க்கச் சொல்லித்தரத்தானே அரசாங்கம் உங்களை 2012-இல் வேலைக்கு வைத்தது? ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் எத்தனை பேர் உங்கள் கையைத் தாண்டிப் போயிருப்பார்கள். அவர்களில் ஒருவராவது நீங்கள் உண்மையாக ஒரு படம் வரைவதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறார்களா? கரும்பலகையில் பூச்சாடி போட்டுக் காட்டுவதை நான் கேட்கவில்லை.

அப்புறம், ஊர். ஓவியமே தெரியாத ஊராம்! பர்கூருக்குப் பக்கத்தில் மல்லப்பாடி என்று ஓர் இடம் இருக்கிறது. பாறையில் வெள்ளை நிறத்தில் குதிரைமேல் ஆட்கள் சண்டை போடுவதை எவனோ ஒருவன் வரைந்து வைத்திருக்கிறான். அவன் சென்னைக்குப் போய்க் கண்காட்சி வைக்கவில்லை. தர்மபுரி, கிருஷ்ணகிரி முழுக்க நடுகல். மாட்டு மந்தையை மீட்கப் போய்ச் செத்தவனைக் கல்லில் செதுக்கி, அவன் பேரையும் ஊரையும் வெட்டி, அவன் ஜனம் நடக்கிற வழியில் நட்டார்கள். வெளியூர்க்காரர் பாராட்டட்டும் என்று நடவில்லை. இப்படிப்பட்ட மண்ணில் நின்றுகொண்டு, பிறந்த ஊரைக் குறை சொல்கிறீர்கள். பள்ளியிலிருந்து மல்லப்பாடிக்குப் பிள்ளைகளை ஒருமுறையாவது கூட்டிப் போயிருக்கிறீர்களா?

வங்காள ஓவியர் நந்தலால் போஸை நீங்கள் படித்திருப்பீர்கள். அவரும் வாத்தியார்தான், தாகூரின் சாந்திநிகேதனில் கலாபவனம் என்கிற ஓவியப் பள்ளியில். 1938-இல் ஹரிபுரா காங்கிரஸ் மாநாட்டுக்குப் படம் வேண்டும் என்று காந்தி கேட்டபோது, மாணவர்களையும் சேர்த்துக்கொண்டு சுமார் 400 படங்கள் தயார் செய்தார். மேளம் அடிப்பவர், தையல்காரர் என்று அன்றாடம் உழைக்கிற ஜனங்கள். யார் பார்ப்பதற்கு? மாநாட்டுக்கு வருகிற கிராமத்து ஜனங்கள் பார்ப்பதற்கு. 'இவர்களுக்கெல்லாம் புரியாது' என்று அவர் தூரிகையைக் கீழே வைக்கவில்லை. தையல்காரர் என்றதும் ஞாபகம் வருகிறது. உங்கள் வீட்டிலும் ஒரு தையல் மெஷின் ஓடுகிறதே, அதன் முன்னால் உட்கார்ந்திருப்பவரை எப்போதாவது வரைந்தீர்களா? படத்துக்கு வந்த 22,000 ரூபாய் மட்டும் வீட்டுக்குள் வந்து, படம் வராமலே இருந்தால் அவர் சம்பளத்தைப் பற்றித்தான் பேசுவார். வேறு எதைப் பேசச் சொல்கிறீர்கள்?

இனி வேலை. விடக் கூடாது. மகள் அடுத்த வருடம் பத்தாம் வகுப்பு. விற்ற தொகை 61,000 என்று எழுதத் தெரிந்த உங்களுக்கு கேன்வாஸ், பிரேம், ஸ்டால், பெங்களூரு போய்வந்த செலவு இதெல்லாம் எவ்வளவு என்று எழுதத் தோன்றவில்லை. அதைக் கழித்துவிட்டு மனைவியிடம் கணக்கைக் காட்டுங்கள், பாதிச் சண்டை தீரும். ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் 1966-இல் சென்னைக்குப் பக்கத்தில் சோழமண்டலம் என்கிற ஓவியர் கிராமத்தை ஆரம்பித்தபோது சென்னை ஓவியக் கல்லூரியில் முதல்வராகத்தான் இருந்தார். அங்கே போன ஓவியர்களும் மெழுகு வைத்துச் சாயம் போடுகிற பாத்திக் துணி செய்து விற்றுத்தான் அடுப்பை எரியவிட்டார்கள்.

ஒரு விஷயத்தில் நான் உங்கள் பக்கம். உங்களைப் போலப் பகுதிநேர ஆசிரியர்கள் 16,549 பேரை எடுத்து, வாரத்துக்கு மூன்று அரை நாள் என்று சொல்லி, மே மாதம் சம்பளம் இல்லை என்று இத்தனை வருடம் இழுத்தடித்தது அநியாயம். அதற்காகச் சங்கத்தோடு போய்க் கொடி பிடியுங்கள், நான் வாழ்த்துகிறேன். பீரியடைப் பறிகொடுப்பதற்கு மட்டும் அரசாங்கத்தைச் சொல்லாதீர்கள். கணக்கு வாத்தியார் கேட்டார், நீங்கள் கொடுத்தீர்கள். சொந்தப் படத்தை யோசிக்க நேரம் கிடைத்தது என்று உள்ளூரச் சந்தோஷம்கூட இருந்திருக்கும். இல்லை என்று சொல்லுங்கள் பார்ப்போம். இனிமேல் கொடுக்காதீர்கள். அந்த நேரத்தில் உங்கள் கேன்வாஸை வகுப்புக்கே தூக்கிக்கொண்டு போய்ப் பிள்ளைகள் நடுவில் உட்கார்ந்து வரையுங்கள். குறள் எழுதச் சொல்கிற சுவர் இருக்கிறதே, அதில் பாதியைக் கேட்டு வாங்குங்கள். கேட்டால் தலைமை ஆசிரியர் தரமாட்டார் என்று எப்படித் தெரியும்? ஒருநாளாவது கேட்டீர்களா?

அம்மா விஷயத்தைத் தள்ளிப்போட வேண்டாம். பார்வை மங்கல் என்று நீங்கள் எழுதியது படம் காட்டாததற்குச் சாக்கு. எனக்கு அது வேறு மாதிரி கேட்கிறது. கண்ணை வைத்துப் பிழைக்கிற பிள்ளை, பெற்றவளின் கண்ணைப் போய்ப் பார்க்கவில்லை. பள்ளி இல்லாத நாள் பார்த்து அம்மாவை அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். புரையாக இருந்தால் அறுவை சிகிச்சைக்குக் காசு கேட்கமாட்டார்கள். கண்ணாடி என்றால் அந்த 22,000-இல் வாங்குங்கள். படத்தை வாங்கியவரின் நம்பர் இருக்குமே, அவரிடம் நல்ல வெளிச்சத்தில் ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லிப் பெரிதாகப் பிரிண்ட் போடுங்கள். கண் கட்டைப் பிரித்ததும், இல்லை கண்ணாடி போட்டதும், அம்மா முன்னால் வைத்துவிட்டு, விளக்கம் எதுவும் சொல்லாமல் பக்கத்தில் உட்காருங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள். 'கட்டையை இப்படியா பிடிப்பாங்க' என்று திட்டினாலும் அப்படியே எழுதுங்கள்.