மூன்று மாதிரியிலும் தண்ணீர்த் துளி முத்தாக நிற்கிறதே, ஏன்?

கேள்வி: நெல்லையில் நிலவியல் படிக்கிறேன். எண்ணெய் தேங்கும் பாறைகளின் நனைதன்மை (மேற்பரப்பு நீரை விரும்புமா, எண்ணெயையா என்பது) பற்றிய புராஜெக்ட்டுக்காகத் தாழையூத்துச் சுண்ணாம்புக்கல், தாமிரபரணி மணல், தேரி மணல் மூன்றையும் ஸ்டியரிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலத்தைக் கரைத்த ஹெக்சேன் கரைப்பானில் ஓர் இரவு ஊறவைத்துக் காயவைத்தேன். மூன்றிலும் தண்ணீர் முத்தாக நிற்கிறது. ஆற்று மணல் அப்படி ஆகாது என்றுதானே பாடத்தில் இருக்கிறது?

பதில்: பாடம் சரிதான், நீங்கள் அலசவில்லை. ஹெக்சேன் பறந்ததும் மிச்ச அமிலம் மெழுகாகப் படிந்துவிடும். அது உருக 69 டிகிரி வேண்டும். மெழுகு பூசினால் செங்கல்கூடத் தண்ணீரைத் தள்ளும். புது ஹெக்சேனில் இரண்டு மூன்று தடவை அலசிவிட்டுப் பாருங்கள். அடுப்புப் பக்கம் மட்டும் வேண்டாம், அந்த ஆவி குப்பென்று பற்றும்.

அலசிய பிறகும் சுண்ணாம்புக்கல் அமிலத்தை விடாது. ஆற்றுத் தண்ணீரில் நுரைக்கிற சோப்பு, உப்புக் கிணற்றுத் தண்ணீரில் திரிந்து வெள்ளைக் கசடாகிறதல்லவா? கால்சியமும் கொழுப்பு அமிலமும் சேர்ந்த கரையாத உப்பு அது. அதே சேர்க்கை சுண்ணாம்புக்கல்லின் கனிமமான கால்சைட்டின் மேற்பரப்பிலும் நடக்கிறது. அமில மூலக்கூறின் கார்பாக்சில் தலை கால்சியத்தைப் பிடித்துக்கொள்ள, 17 கார்பன் நீள வால் வெளியே நீட்டி நிற்கும். தண்ணீருக்கும் அந்த வாலுக்கும் ஆகாது.

ஆற்று மணலின் குவார்ட்ஸில் அமிலம் லேசாகத்தான் ஒட்டும், அலசினால் போய்விடும். தேரி மணல்தான் சுவாரசியம். உள்ளே குவார்ட்ஸ், மேலே செம்மை தரும் இரும்பு ஆக்சைடு. அந்த ஆக்சைடு கார்பாக்சிலை நன்றாகவே பற்றும். அதனால் அது ஆற்று மணலைப் போல நடக்காது என்பது என் கணிப்பு.

இன்னொரு குறை: நீங்கள் எடுத்தது காய்ந்த கல். பூமிக்கடியில் எண்ணெய் வருமுன்பே பாறை உப்புநீரில் ஊறியிருக்கும். முதலில் சோடியம் குளோரைடு நீரில் நனைத்து ஒரு தொகுதி, கால்சியம் குளோரைடு நீரில் ஒரு தொகுதி செய்யுங்கள். எதிர்மின் குவார்ட்ஸுக்கும் எதிர்மின் அமில அயனிக்கும் நடுவே கால்சியம் பாலமாக நிற்கும்; மணற்கல்லும் எண்ணெய் பக்கம் சாய அதுவும் ஒரு வழி. மும்பை ஹை கடல் எண்ணெய் வயலின் சுண்ணாம்புப் பாறையையும் காவிரிப் படுகையின் மணற்கல்லையும் ஒப்பிட்டு எழுத இது உதவும்.

ஸ்டியரிக் அமிலத்துக்குப் பதிலாக வினிகர் வேண்டாம். அதற்கு நீள வால் இல்லை, கல்லைத்தான் அரிக்கும்.

தளர்ந்த மணலில் சேர்கோணம் (துளியின் விளிம்பு பரப்போடு சேரும் கோணம்) எடுக்க வராது. துளி உள்ளே இறங்க எத்தனை வினாடி என்று குறியுங்கள். கல்லுக்கு 75 டிகிரிக்குக் கீழே நீர்விரும்பி, 105க்கு மேலே எண்ணெய்விரும்பி என்பார்கள். ஆனால் அது எண்ணெயும் நீரும் சேர்ந்திருக்கையில், நீர் வழியாக அளப்பது. காற்றில் எடுத்த கோணத்தை அப்படியே எழுதினால் வைவாவில் மாட்டிக்கொள்வீர்கள்.