டவர் ஆம்ப்ளிஃபையர் 144-க்கு ஆகுமா?

கேள்வி: வியாசர்பாடி காயலான் கடை ஒன்றில் செல்போன் டவரிலிருந்து கழற்றியது என்று ஒரு அலுமினியப் பெட்டியைக் காட்டுகிறார்கள். லேபிளில் 2110–2170 மெகாஹெர்ட்ஸ், 28 வோல்ட் என்று இருக்கிறது. விலை 2,500 ரூபாயாம். ஹாம் (அமெச்சூர்) ரேடியோவின் 144 மெகாஹெர்ட்ஸ் பேண்டுக்கு மாற்றிக்கொள்ள முடியுமா? – வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: முடியாது. அது 3ஜி டவருக்கான ஆம்ப்ளிஃபையர். "டியூன் பண்ணிக்கலாம் சார்" என்ற பேச்சை நம்பாதீர்கள். இந்த வகை எல்டிமாஸ் (LDMOS) பவர் டிரான்சிஸ்டர்களில் செராமிக் மூடிக்குள்ளேயே குட்டிக் கபாசிட்டரும் மெல்லிய கம்பிகளும் வைத்து அந்த அலைவரிசைக்கு மேட்ச் செய்திருப்பார்கள். வெளியே போர்டில் என்ன மாற்றினாலும் உள்ளே இருப்பது மாறாது. அவுட்புட் பக்கம் இரும்பை இழுக்கும் காந்த வில்லை இருக்கிறதா? அதுதான் சர்குலேட்டர், சிக்னலை ஒரே திசையில் சுற்றி அனுப்பும் பாகம். 144-ல் அதுவும் உதவாது.

லேபிள் இல்லாத பெட்டியென்றால் மூடியைத் திறந்து டிரான்சிஸ்டர் எண்ணைப் பாருங்கள். எம்ஆர்எஃப்6எஸ்21140-ல் 21 என்பது 2.1 கிகாஹெர்ட்ஸ், 140 என்பது வாட். எம்ஆர்எஃப்9045 என்றால் 900 மெகாஹெர்ட்ஸ், 45 வாட். 900 பேண்ட் அமெரிக்க ஹாம்களுக்கு உண்டு, நமக்கு இல்லை. அவர்கள் போடும் வீடியோவைப் பார்த்துப் பணத்தை விடாதீர்கள்.

பெட்டியில் உருப்படியாகத் தேறுவது சர்குலேட்டரின் மூன்றாவது முனையில் திருகியிருக்கும் 50 ஓம் ஃபிளாஞ்ச் ரெசிஸ்டர். அதன் முனைத் தகட்டுக்கும் அடிப்பாகத்துக்கும் இடையே மீட்டர் 50 ஓம் காட்டினால் நல்லது. ஹீட்சிங்கில் பொருத்தினால் 144-க்கு டம்மி லோட் (சோதிக்கும்போது ஆன்டெனாவுக்குப் பதில் மாட்டுவது) ஆகிவிடும். அதன் வெள்ளைச் செராமிக் பெரிலியம் ஆக்ஸைடாக இருக்கலாம். அராவவோ உடைக்கவோ கூடாது, தூள் நுரையீரலுக்கு விஷம். 'என்' டைப் (N) கனெக்டர்களையும் ஹீட்சிங்கையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தாலும் 2,500 அதிகம். எடைக்கு வருமா என்று கேளுங்கள். நிறுவனத்தின் சொத்து ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் ஏலத்தில் எடுத்த ரசீதைக் காட்டச் சொல்லுங்கள். காட்டாவிட்டால் வேண்டாம், டவர் திருட்டுப் பொருள் உங்கள் தலையில் விழும்.

கேள்வி: பழைய செட்டிலிருந்து கழற்றிய ஆர்ஏ30எச்1317எம் பவர் ஆம்ப்ளிஃபையர் மாட்யூல் கிடைத்தது. 5 வாட் கைக்கருவியின் (வாக்கி-டாக்கி) அவுட்புட்டை நேராகக் கொடுக்கலாமா? – வாசகர், ராயபுரம்

பதில்: கொடுத்தால் அந்த நொடியே போய்விடும். 135–175 மெகாஹெர்ட்ஸ், 30 வாட், உங்களுக்கேற்ற பொருள்தான். ஆனால் அதற்கு வேண்டிய இன்புட் 50 மில்லிவாட். 5 வாட்டை அந்த அளவுக்கு இறக்க 20 டெசிபல் அட்டெனுவேட்டர் (சிக்னலைக் குறைக்கும் பாகம்) வேண்டும், 5 வாட் சூட்டையும் அது தாங்க வேண்டும்.

பின்களின் (pin) வரிசை: 1 இன்புட், 2 கேட், 3 சப்ளை, 4 அவுட்புட், கிரவுண்ட் அடித்தகடு. கரண்ட் இல்லாதபோது 3-க்கும் அடித்தகட்டுக்கும் ஷார்ட் காட்டினால் உள்ளே எரிந்தது, திருப்பிக் கொடுங்கள். கேட்டில் 5 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. முழுப் பவரில் 12.5 வோல்ட்டில் சுமார் 6 ஆம்பியர் இழுக்கும், 45 வாட் சூடாகப் போகும். சென்னை மே மாதத்தில் ஃபேன் இல்லாமல் ஓட்டாதீர்கள். ஹீட்சிங்க் சமதளமாக இல்லாவிட்டால் திருகை இறுக்கும்போதே உள்ளே செராமிக் விரிசல் விடும். பழைய மாட்யூல்கள் பெரும்பாலும் செத்தது இப்படித்தான்.

மேல் அலைவரிசைகளைத் தடுக்கும் லோ-பாஸ் ஃபில்டர் போடாமல் ஆன்டெனாவில் மாட்டாதீர்கள். மூன்றாவது ஹார்மோனிக் (மூன்று மடங்கு அலைவரிசையில் வரும் வேண்டாத சிக்னல்) 432 மெகாஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில் போய் விழும். கடற்காற்று அடிக்கும் மாடியென்றால் கனெக்டரை ரப்பர் டேப்பால் சுற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் சில மாதத்தில் பச்சை பூத்து எஸ்டபிள்யூஆர் (ஆன்டெனாவிலிருந்து பவர் திரும்பி வரும் அளவைக் காட்டும் எண்) ஏறும்.