ஆகாய கங்கைக்கு அம்மாவை அழைத்துச் செல்லலாமா?

வணக்கம். அக்டோபர் இறுதியில் மூட்டுவலியுள்ள அம்மாவையும் பள்ளி செல்லும் மகனையும் கொல்லிமலை ஆகாய கங்கை அருவிக்கு அழைத்துச் செல்லலாமா என்று கேட்டிருந்தீர்கள். மகன் வரட்டும், அம்மாவுக்கு இது வேண்டாம் என்பதே என் கருத்து. அறப்பளீஸ்வரர் கோயில் அருகிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் செங்குத்தாக இறங்குகின்றன. மற்ற மலையேற்றங்களைப் போலன்றி இங்கே இறக்கம் முதலிலும், களைத்த பின் ஏற்றம் கடைசியிலும் வருவதால், பாதி வழியில் முழங்கால் மறுத்துவிட்டால் மேலே வர வேறு வழியில்லை. அவர் கோயிலில் தரிசனம் முடித்து இளைப்பாறலாம். அதிகம் இறங்கத் தேவையில்லாத மாசிலா அருவியை அவருக்குக் காட்டலாம்.

அது வடகிழக்குப் பருவமழைக் காலம் என்பதால், வெள்ளம் மிகுந்தால் அருவிக்கு அனுமதி மறுப்பார்கள்; புறப்படுமுன் விசாரித்துக்கொள்ளுங்கள். காலையிலேயே இறங்கிவிடுங்கள். சுமார் 300 அடி உயரத்திலிருந்து விழும் நீரின் சாரலில் கடைசிப் படிகள் எப்போதும் வழுக்கும். ரப்பர் செருப்பு உதவாது, பிடிப்புள்ள காலணி அவசியம். குளிக்கும்போது தெளிந்த நீர் திடீரெனக் கலங்கி, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தால், அருவிக்கு நீர் கொண்டுவரும் ஐயாற்றின் மேல்பகுதியில் மழை பெய்கிறது என்று பொருள். தலைக்கு மேல் வெயில் அடித்தாலும் மகனுடன் உடனே கரையேறி, படிகளுக்கு வந்துவிடுங்கள். தின்பண்டங்களைக் கையில் தொங்கவிடாதீர்கள், குரங்குகள் விடாது. மலைப்பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. மகனுக்கு வாந்தி வரக்கூடும் என்றால் வயிறு நிறைய உண்ண வைத்து ஏற்ற வேண்டாம்.